இடிச்ச சம்பல் ஏன் மரத்தூள் மாதிரி வருகிறது?

பனிக்காட்டான் | ரொறன்ரோ

வணக்கம். மூன்று சனிக்கிழமையாக இடிச்ச சம்பலோடு மல்லுக்கட்டுகிறேன். மூன்று முறையும் தோற்றுவிட்டேன்.

மனைவிக்கு இரவு வேலை. சனி காலை அவர் வீட்டுக்குள் வரும்போது புட்டும் சம்பலும் மேசையில் இருக்க வேண்டும் என்று ஆசை. புட்டு ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. சம்பல்தான் இல்லை. நான் செய்தது இது: தமிழ்க் கடையில் வாங்கிய உறைந்த தேங்காய்ப்பூ (திருவிய தேங்காய்), 400 கிராம் பொதியில் பாதி. செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்) பன்னிரண்டு. சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. உப்பு. முழுத் தேசிக்காய் (எலுமிச்சை) ஒன்றின் புளி. செத்தலை எண்ணெயில் பொரித்தேன், பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிளெண்டரில் போட்டு அடித்தேன்.

நிறம் வெளிறிய ரோசா. வாயில் வைத்தால் நனைத்த மரத்தூள். முதல் இரண்டு வாய்க்கு உறைப்பே இல்லை. மூன்றாவதில் ஒரு செத்தல் துண்டு பல்லில் அகப்பட்டு உயிர் போய் வந்தது. அடிநாக்கில் ஒரு கசப்பு வேறு. ஊரில் அம்மா செய்யும் சம்பலை எடுத்தால் விரல் நுனியில் சிவப்பாக எண்ணெய் ஒட்டும். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டால், 'கண் பார்த்தால் கை செய்யும்' என்கிறார். கண் பார்த்துத்தான் நிற்கிறது, கைதான் கேட்கவில்லை.

செத்தல் பொரித்தபோது புகை மணி அடித்ததையும், எங்கள் மாடி முழுக்க இருமியதையும் கணக்கில் சேர்க்கவில்லை.


சட்னிக்கரண்டி | சென்னை

இது நம்ம தேங்காய்த் துவையல்தானே? மிளகாயோடு இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பை வறுத்து, கொஞ்சம் புளி வைத்து, தண்ணீர் தெளிக்காமல் மிக்சியில் கெட்டியாக அரைத்து எடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதற்குப் போய் மூன்று சனிக்கிழமையா?


உரலடி | வடமராட்சி

சட்னிக்கரண்டி தம்பி, துவையல் உருட்டி வைக்கும்படி ஒரே களியாக வரவேண்டும். சம்பலில் தேங்காய்ப்பூ பூவாகவே தெரியவேண்டும், ஆனால் ஒரு பூகூட வெள்ளையாக இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே சாமானில் செய்கிற வேறு வேறு பண்டம்.

பனிக்காட்டான், 'எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடித்தேன்' என்று எழுதினீரே, அங்கேதான் பிழை. சம்பலுக்கு அளவைவிட வரிசைதான் முக்கியம். நான் செய்கிற வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் உரலுக்குள் செத்தலும் கல்லுப்பும் மட்டும். வேறு ஒன்றும் இல்லை. பாதித் தேங்காய்க்கு எட்டோ பத்தோ செத்தல், கல்லுப்பு ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய. தூளுப்புப் போட்டால் செத்தல் உலக்கைக்குப் பிடிகொடுக்காமல் உரல் சுவரில் ஏறி ஏறி நிற்கும். கல்லுப்பு அரம் மாதிரி அதை அராவும். தூளாக வேண்டாம், தோல் துணுக்குத் துணுக்காகவும் விதை பாதி உடைந்தும் இருக்கட்டும். இந்த இடத்தில் தும்மல் வரும். வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

அடுத்து சின்ன வெங்காயம், ஏழெட்டு. இரண்டாக வெட்டினால் போதும். நாலு இடி இடித்தால் வெங்காயத்தின் சாறு உப்பும் உறைப்பும் சேர்ந்து செம்மண் குழம்பு மாதிரி வரும். வெங்காயம் நசிந்தால் போதும், கரையக் கூடாது. கறிவேப்பிலை போடுகிறவர்கள் இப்போது போடுங்கள்.

அதற்குப் பிறகுதான் தேங்காய்ப்பூ, அதுவும் மூன்று தரமாக. ஒரு பிடி போட்டு இடி, அது சிவந்ததும் அடுத்த பிடி. உலக்கையைத் தூக்கிக் குத்த வேண்டியதில்லை, அதன் பாரத்திலேயே விழவிட்டு, விழுந்த இடத்தில் ஒரு திருகு. இடையிடையே அகப்பைக்காம்பால் சுவரில் ஒட்டியதை வழித்து நடுவுக்குத் தள்ளுங்கள். சத்தத்தைக் கேளும். தொடக்கத்தில் சரக்சரக் என்று காய்ந்த சத்தம், பூ எண்ணெய் விட்டதும் தொப் தொப் என்று மாறும். அங்கே நிறுத்த வேண்டும்.

தேசிக்காய் கடைசி. உரலிலிருந்து கிண்ணத்துக்கு எடுத்த பிறகு, கையால் பிசைந்துகொண்டே பாதித் தேசிக்காய். புளித்தண்ணி முன்னமே போனால் உலக்கை வழுக்கும், பூ இடிபடாது. முழுத் தேசிக்காய் இந்த அளவுக்கு அதிகம்.

ஒரு கேள்வி. நீர் பொரித்த செத்தல் என்ன நிறத்தில் இருந்தது?


பனிக்காட்டான் | ரொறன்ரோ

கறுப்பு அக்கா.


உரலடி | வடமராட்சி

கசப்பின் கதை அதோடு முடிந்தது. எண்ணெய் கொதித்த பிறகு போட்டிருப்பீர். எண்ணெய் சூடாகும் முன்பே செத்தலை அதற்குள் விடும், காம்பைக் கிள்ளாமல். காம்பு கிள்ளினால் விதை கொட்டி முதலில் அதுதான் கருகும். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும், அடுப்பு மெல்லிய சூட்டில். செத்தல் உப்பிப் பளபளவென்று இரத்தச் சிவப்பாக வரும். அதுதான் எடுக்கிற நேரம், இன்னும் கொஞ்சம் என்று நிற்கக் கூடாது. சட்டியை இறக்கிய பிறகும் அதன் சூட்டிலேயே ஒரு படி கறுக்கும். ஆறினால் மொறுமொறுவென்று உடையும். காம்பை அப்போது எடுக்கலாம்.


மாசித்துண்டு | புத்தளம்

இவ்வளவு எழுதிய அக்கா மாசியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையே! மாசி இல்லாமல் சம்பலா?

தெரியாதவர்களுக்கு: மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையில் போட்டு, வெயிலில் மரக்கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்தது. மாலைதீவிலிருந்து வருவதுதான் பேர்பெற்றது. சிங்களத்தில் உம்பலகட. கத்தி இறங்காது, இடித்துத்தான் எடுக்க வேண்டும். செத்தலும் உப்பும் இடிபடும்போதே இதையும் ஒரு தேக்கரண்டி போட்டுவிடுங்கள். உப்பைக் கொஞ்சம் குறையுங்கள். தெற்கில் பொல் சம்போல என்று செய்வதில் பெரும்பாலும் இது இருக்கும். அவர்கள் அம்மிக்கு வைத்த பெயரே மிரிஸ் கல, மிளகாய்க் கல்.


உரலடி | வடமராட்சி

எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் சைவம். மாமியார் இருந்த காலத்தில் மாசி பட்ட உரலைக் கழுவினாலும் அந்த இரண்டு நாளும் தொடமாட்டார். அதனால் எனக்குக் கைப்பழக்கம் இல்லை. ருசி இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாசி போட்டால் முதலில் வருவது மாசியின் ருசி, தேங்காய் பின்னால் போய்விடும். புட்டுக்கு எனக்குத் தேங்காய் முன்னால் வரவேண்டும்.


மாசித்துண்டு | புத்தளம்

அதை ஒத்துக்கொள்கிறேன். பாணுக்கும் (பிரெட்) ரொட்டிக்கும் மாசி, புட்டுக்கு வேண்டாம். சரிதானே?


உரலடி | வடமராட்சி

சரி.


பனிக்காட்டான் | ரொறன்ரோ

நாலாவது சனிக்கிழமை. அறிக்கை இதோ.

சீனக்கடை ஒன்றில் கருங்கல் உரல் வாங்கினேன், தாய்லாந்துக்காரர் பாவிக்கும் சின்ன உரல். தூக்கிவந்ததில் தோள் போய்விட்டது. செத்தல் இந்த முறை கறுக்கவில்லை, மணியும் அடிக்கவில்லை. செத்தலும் கல்லுப்பும் அக்கா சொன்னது போலவே வந்தன, தும்மலும் வந்தது. வெங்காயம் போட்டதும் அந்தச் செம்மண் குழம்பைக் கண்ணால் கண்டேன். மிக மகிழ்ச்சியாக இருந்தது.

தேங்காய்ப்பூவைப் போட்டதும் எல்லாம் கெட்டது. கால் மணி நேரம் இடித்தேன். சரக்சரக் தொப் தொப்பாக மாறவே இல்லை. பூ உடைந்து பொடியாகிறதே தவிர எண்ணெய் விடவில்லை. கசப்புப் போய்விட்டது, உறைப்பும் ஒரே சீராக இருக்கிறது, ஆனால் நிறம் இன்னும் அதே வெளிறல். நாக்கில் மெழுகு தடவியது போல ஒரு படலம் வேறு. மனைவி சாப்பிட்டுவிட்டு 'முன்னேற்றம்' என்றார். எங்கள் வீட்டில் அது ஆறுதல் பரிசு.

பொதியை முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்திருந்தேன். காலையில் உதிரி உதிரியாகத்தான் இருந்தது. ஆகவே பனி காரணம் அல்ல என்று நினைக்கிறேன்.


எண்ணெய்க்கணக்கு | பொள்ளாச்சி

பனிதான் காரணம். அதாவது, குளிர். உங்கள் சமையலறையில் என்ன வெப்பநிலை?


பனிக்காட்டான் | ரொறன்ரோ

வெளியே கழித்தல் 11. உள்ளே 19, 20 இருக்கும். ஏன்?


எண்ணெய்க்கணக்கு | பொள்ளாச்சி

நான் எண்ணெய் ஆலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். சம்பல் சாப்பிட்டது இரண்டே முறை. ஆனால் நீங்கள் எழுதியது எனக்கு அன்றாடம் பழகின விஷயம்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். அதற்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். மார்கழியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக நிற்குமே, அதேதான். முற்றின தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர், மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். யாழ்ப்பாணத்தில் விடியற்காலையிலும் அந்த எண்ணெய் பூவுக்குள் பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். உலக்கை பட்டதும் வெளியே வரும். நீங்கள் பிரிட்ஜிலிருந்து எடுத்தது நாலைந்து டிகிரியில் இருந்திருக்கும். உங்கள் கல்லுரலே 19 டிகிரி. பூவுக்குள் இருந்தது எண்ணெய் அல்ல, மெழுகு. மெழுகை இடித்தால் மெழுகுப் பொடிதான் வரும். நாக்கில் படலம் என்றீர்களே, அது அதுதான்.

நிறமும் இதே கணக்குதான். மிளகாய்க்குச் சிவப்புத் தருகிற காப்சாந்தின், காரம் தருகிற காப்சைசின் இரண்டுமே எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் கரைவது சொற்பம். எண்ணெய் வெளியே வந்தால்தான் மிளகாயின் சிவப்பு அதில் இறங்கித் தேங்காய் முழுக்கப் பரவும். எண்ணெய் வராத சம்பலில் மிளகாய் ஒரு பக்கமும் தேங்காய் ஒரு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீங்கள் முதல் பதிவில் 'முதலில் உறைப்பில்லை, பிறகு உயிர் போனது' என்றதற்குப் பாதிக் காரணம் பிளெண்டர், பாதிக் காரணம் இது.

ஆகவே பூவை இட்லிச் சட்டியில் இரண்டு நிமிடம் ஆவி காட்டி, கை பொறுக்கிற சூட்டில் இடியுங்கள்.


உரலடி | வடமராட்சி

தம்பி சொன்ன காரணம் எனக்குப் புதிது, சரியாகத்தான் தெரிகிறது. தை மாதப் பனிக்காலத்தில் விடியச் சம்பல் இடித்தால் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும். உலக்கை பழசானதால் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் ஆவி காட்டாதேயுங்கள். அவிந்த தேங்காய்க்குப் பச்சை வாசம் போய்ப் புட்டுக்குள் இருக்கிற பூவின் மணம் வந்துவிடும். புட்டும் அதே மணம், சம்பலும் அதே மணம் என்றால் தொட்டுக்கொள்வதில் என்ன இருக்கிறது? பொதியைப் பிரிக்காமல் இளஞ்சூட்டுத் தண்ணிக்குள் அரை மணி நேரம் போட்டு வையும். உரலுக்குள்ளும் சுடுதண்ணி ஊற்றி வைத்து, இடிக்கப் போகும்போது ஊற்றிவிட்டு நன்றாகத் துடையும்.

இன்னொரு சோதனை. சூடேறிய பூவில் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பாரும். பால் கசிந்து விரல் வழுவழுத்தால் நல்ல பூ. விரல் காய்ந்தே இருந்தால் அந்தப் பொதியால் பயனில்லை, வேறு கடை பாரும். மண்ணிறத் துணுக்குகள் நிறையக் கிடந்தாலும் வாங்காதேயும், அது சிரட்டையோடு ஒட்டிய தோல். திருவலையில் வெள்ளை முடிந்ததும் நிறுத்தத் தெரியாதவன் திருவியது. நிறத்தையும் மங்க வைக்கும், ருசியையும்.


எண்ணெய்க்கணக்கு | பொள்ளாச்சி

ஆவி வேண்டாம், வெந்நீர்த் தொட்டி போதும். ஒத்துக்கொள்கிறேன்.


ஒடியல் | ஒஸ்லோ

பனிக்காட்டான் அண்ணை, நீங்கள் குடுத்துவைத்தவர். நான் இருக்கும் பக்கத்தில் உறைந்த பூவே இல்லை. கேக் செய்கிறவர்கள் வாங்கும் உலர்ந்த தேங்காய்த் தூள்தான். அதில் சம்பல் செய்யலாமா?


உரலடி | வடமராட்சி

செய்யலாம், சம்பல் மாதிரி ஒன்று வரும். சீனி சேர்த்த தூள் இல்லையென்று பொதியில் பார்த்து வாங்கும். ஒரு கோப்பைத் தூளுக்குக் கால் கோப்பைக்குக் கொஞ்சம் கூட, இளஞ்சூடான தேங்காய்ப்பால். தண்ணி விட்டால் ஊறும், ஆனால் சப்பென்று போகும். இருபது நிமிடம் மூடி வைத்து, பிசைந்து பார்த்து, காய்ந்திருந்தால் இன்னும் ஒரு கரண்டி. பிறகு அதே வரிசை.


மரச்சீனி | நாகர்கோவில்

நேரம் கழித்து வருகிறேன். எங்க ஊர்ப் பக்கம் இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. அவித்த மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள அம்மியில் தட்டி எடுக்கிற சம்மந்தி. வத்தமிளகைக் கனலில் சுட்டு, உள்ளியும் (பூண்டு) உப்பும் புளியும் வைத்துச் சதைத்து, தேங்காய்ப்பூவைக் கடைசியில் வைத்து இரண்டே இழுப்பு. மேலே பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. சில வீடுகளில் தேங்காயைக் கீற்றாகக் கனலில் சுட்டுப் போடுவார்கள். அந்தப் புகை மணத்துக்கு இன்னொரு துண்டு கிழங்கு உள்ளே போகும்.

பயணத்துக்குச் செய்வது வேறு. தேங்காய்ப்பூவைக் கறிவேப்பிலையோடு செவக்கச் செவக்க வறுத்து, ஈரமே இல்லாமல் இடித்த சம்மந்திப்பொடி. அது வாரக்கணக்கில் இருக்கும். பச்சைத் தேங்காயில் செய்தது மத்தியானம் தாண்டினாலே மூக்கைச் சுளிக்க வைக்கும்.

அக்காவிடம் ஒரு கேள்வி. உள்ளி சேர்ப்பதில்லையா?


உரலடி | வடமராட்சி

மரவள்ளிக்கு நாங்களும் இதே சம்பல்தான்! அவித்து வடித்த சூட்டோடு, கிழங்கை விரலால் பிளந்து நடுநாரை இழுத்துப் போட்டுவிட்டு. அந்த நாளில் தேசிக்காய்க்குப் பதில் பழப்புளி, சின்ன நெல்லிக்காய் அளவு, தண்ணியில் கரைக்காமல் வெங்காயத்தோடு சேர்த்து இடிப்பது. நிறம் கறுத்துத்தான் வரும், கிழங்கின் மாப்பிடிப்புக்கு அந்தப் புளிதான் சரி.

உள்ளி நான் போடுவதில்லை. போடுகிற வீடுகள் இருக்கின்றன.


சட்னிக்கரண்டி | சென்னை

மன்னிக்கவும், ஒரு சந்தேகம். சம்பல், சம்மந்தி, சட்னி எல்லாம் ஒரே வேரா? சம்பல் மலாய்ச் சொல் என்கிறார்களே.


மாசித்துண்டு | புத்தளம்

மலாயிலும் இந்தோனேசியாவிலும் 'சம்பல்' என்றால் இடித்த மிளகாய்தான். ஒல்லாந்தர் இலங்கைக் கரையோரத்தை ஆண்ட காலத்தில், 1658 முதல் 1796 வரை, ஜாவாவிலிருந்தும் சுற்றுத் தீவுகளிலிருந்தும் படைவீரர்களையும் நாடுகடத்தியவர்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். இன்றைய இலங்கை மலாய்க்காரர் அவர்களின் வழி. சொல்லும் அந்த வழியில் வந்திருக்கலாம். தேங்காய் சேர்த்தது நம் கை.


மரச்சீனி | நாகர்கோவில்

மிளகாயே வந்தேறிதானே. அமெரிக்கக் கண்டத்துக் காய், போர்த்துக்கீசர் கப்பலில் வந்தது. இலங்கையில் அவர்கள் கால் வைத்தது 1505-இல். அதற்கு முன்னால் நம் நாட்டில் உறைப்பு என்றால் மிளகுதான். புதுக்காய்க்கு மிளகு போல உறைக்கும் காய் என்று மிளகாய்ப் பெயர் வைத்தோம். எங்க பக்கத்தில் இன்றைக்கும் பழையதை 'நல்லமிளகு' என்றுதான் சொல்வோம், புதிதாக வந்தவனோடு குழம்பிவிடாமல் இருக்க. வடமராட்சி அக்கா, மிளகு போட்டுச் சம்பல் இடித்துப் பார்த்திருக்கிறீர்களா?


உரலடி | வடமராட்சி

பிள்ளைப்பெற்ற வீட்டில் பத்தியத்துக்கு மிளகு போட்டு அரைத்துக் கொடுப்பார்கள். அதைச் சம்பல் என்று ஆசையாகச் சாப்பிட்ட ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.


ஒருங்கிணைப்பாளர்

சொல்லாராய்ச்சிக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். பனிக்காட்டான் இன்னும் பசியோடு இருக்கிறார்.


பனிக்காட்டான் | ரொறன்ரோ

ஒரு கேள்வி பாக்கி. கடையில் ஐந்து வகைச் செத்தல் இருக்கிறது. நீட்டு, குண்டு, சுருக்கு விழுந்த காஷ்மீரி. எதை எடுப்பது? காஷ்மீரி எடுத்தால் நிறப்பிரச்சினையே தீர்ந்துவிடாதா?


சட்னிக்கரண்டி | சென்னை

இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். காஷ்மீரிக்கு நிறம் அதிகம், காரம் குறைவு. அதை மட்டும் போட்டால் பார்வைக்கு நெருப்பு, வாயில் தண்ணீர். குண்டு கிடைத்தால் விடாதீர்கள், எங்கள் ராமநாதபுரத்து முண்டு, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கினது. தடித்த தோல், நல்ல காரம். நான் காரச்சட்னிக்கு மூன்று நீட்டுக்கு ஒரு காஷ்மீரி என்று கலப்பேன். உங்கள் சம்பலுக்கும் பொருந்தலாம்.

மிளகாய் இடித்த கையைத் தண்ணீரில் கழுவி ஏமாறாதீர்கள். மேலே பொள்ளாச்சிக்காரர் சொன்ன அதே கணக்குதான், முதலில் எண்ணெய் தடவித் தேய்த்துவிட்டு அப்புறம் சோப்பு. கண்ணைத் தொட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டவன் நான்.


பனிக்காட்டான் | ரொறன்ரோ

ஐந்தாவது சனிக்கிழமை.

காலை ஐந்தரைக்குப் பொதியைக் கைகழுவும் தொட்டிக்குள் இளஞ்சூட்டுத் தண்ணியில் போட்டேன். உரலுக்குள் சுடுதண்ணி. நீட்டு ஏழு, காஷ்மீரி இரண்டு, அக்கா சொன்னபடி குளிர்ந்த எண்ணெயில் தொடங்கிப் பொரித்தேன். பூவை இரண்டு விரலால் நசுக்கினேன், வழுவழுத்தது. அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

செத்தல், உப்பு. வெங்காயம். பூ ஒரு பிடி. பத்துப் பன்னிரண்டு இடியிலேயே உரலின் அடி மினுங்கத் தொடங்கியது. இரண்டாம் பிடியில் சத்தம் மாறியது. அக்கா, அது தொப் தொப் இல்லை, எனக்கு 'தப்பு தப்பு' என்று கேட்டது, நான் இன்னும் ஏதோ தப்புச் செய்கிறேன் என்று பயந்து நிறுத்திவிட்டேன். வழித்துப் பார்த்தால் உலக்கையின் அடி முழுக்கச் சிவப்பு. மூன்றாம் பிடி போட்டு முடித்தேன். கிண்ணத்தில் எடுத்துத் தேசிக்காய்ப்புளி விட்டுப் பிசைந்தபோது உள்ளங்கை ரேகையெல்லாம் சிவந்தது. தேசிக்காயைக் கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழியாமல் விட்டேன், தோலின் கசப்பும் இறங்கக் கூடாது என்று.

மனைவி சப்பாத்தைக் கழற்ற முன்பே 'யார் வந்திருக்கிறது?' என்று கேட்டார். அம்மா வந்து சமைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். புட்டை விட்டுவிட்டு முதலில் ஒரு துண்டுப் பாணில் சம்பலை வைத்து நின்றபடியே சாப்பிட்டார். இந்த முறை 'முன்னேற்றம்' என்று சொல்லவில்லை. 'உப்பு ஒரு துளி கூட' என்றார்.


உரலடி | வடமராட்சி

காஷ்மீரி என்று ஒன்றை நான் கண்டதில்லை, ஆனால் கேட்கச் சந்தோசம். உப்புக் கூடினதற்குக் காரணம் உமது பூ. நாங்கள் திருவியதும் இடிப்போம். உறைந்து உருகிய பூ கொஞ்சம் தண்ணியை விட்டு இளைத்திருக்கும். அடுத்த முறை முக்கால் தேக்கரண்டி.


ஒடியல் | ஒஸ்லோ

நானும் செய்தேன், உலர்ந்த தூளில். நாற்பது வீதம் சம்பல். ஆனால் இரண்டு வருடத்தில் சாப்பிட்ட சம்பலில் இதுதான் நல்லது, ஏனென்றால் வேறு எதுவும் சாப்பிடவில்லை.

மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் வெள்ளைத் திட்டுத் திட்டாகக் கல்லுப் போல இருக்கிறது. பழுதா?


எண்ணெய்க்கணக்கு | பொள்ளாச்சி

24 டிகிரி. வெளியே எடுத்து வையுங்கள், திட்டு போய்விடும்.


உரலடி | வடமராட்சி

திட்டுப் போகும், ஆனால் பச்சை வெங்காயம் போட்ட சம்பல் மறுநாளுக்கு மேல் வேண்டாம். மணந்து பாரும், புளித்த வாசம் வந்தால் யோசிக்காமல் கொட்டும். வராவிட்டால் சூடாக்கிச் சாப்பிடாதேயும், மாவில் போட்டுக் குழைத்து ரொட்டி சுடும். இரண்டு பிடி மாவுக்கு ஒரு பிடி சம்பல், உப்புத் தனியாக வேண்டாம், தண்ணி மட்டும். உள்ளங்கை அளவில் தட்டி, தோசைக்கல்லில் மெல்லிய சூட்டில் இரண்டு பக்கமும் புள்ளி விழும்வரை.


ஒடியல் | ஒஸ்லோ

அவித்த மாவா, அவிக்காததா?


உரலடி | வடமராட்சி

அவிக்காத கோதுமை மா. அவித்த மா புட்டுக்கு.